முதியோர் பராமரிப்பு: யாருடைய பொறுப்பு? யாருடைய இலாபம்?

இந்த இதழில் நாம் படிக்க எடுத்துக்கொண்டிருப்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லங்களைப் பற்றிய பாடம். கடல் கடந்த நாட்டின் விடயம் எமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, 1983ஆம் ஆண்டின் பின் எமது கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்களில் மிகப் பலர் குடியேறிய இடம் ஒன்ராறியோவின் ரொறன்ரோ நகரமும் அதன் சுற்றுப்புறமும் ஆகும். அன்று இளைஞராகப் போனவர்கள் இன்று ஓய்வூதிய வயதை எட்டிவிட்டார்கள். அவர்கள் அழைத்துக்கொண்ட பெற்றோரில் பலர் அங்கேயே முதிர்ந்து, சிலர் இந்த இல்லங்களில் வாழ்கிறார்கள். அவற்றில் வேலை செய்வோரிலும் எமது பெண்கள் பலர் உள்ளனர்.

இரண்டாவது, பிறர் கையில் வாழ்வது என்றால் என்ன என்பது இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குத் தெரியும். நலன்புரி நிலையத்தில் ஓராளுக்கு ஒரு கிழமைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு என்பதை எங்கோ ஒரு கந்தோரில் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். எங்கே இருக்க வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதையும் மற்றவர்களே தீர்மானித்தார்கள். தாமாக எழுந்து நடக்க முடியாத ஒரு முதியவரின் நிலையும் இதற்கு நெருங்கியதே. ஆகையால், இப்படிப்பட்டவர்களைப் பராமரிக்கும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது, அந்த வேலையில் இலாபம் எடுக்கலாமா என்ற கேள்வி எமக்கு அந்நியமானதல்ல.

மூன்று வகை இல்லங்கள்

ஒன்ராறியோவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் மூன்று வகைப்படும்.

1. உள்ளூராட்சி மன்றங்கள் நடத்துபவை. இவை பொதுமக்களுக்குச் சொந்தமானவை. இவற்றின் வேர் பழையது. ஏழைகளும் ஆதரவற்ற முதியவர்களும் தங்குவதற்கு ஒவ்வொரு மாவட்டமும் ஒரு விடுதி வைத்திருக்க வேண்டும் என்று 1903ஆம் ஆண்டிலேயே அங்கு சட்டம் வந்தது. இன்றும் தென் ஒன்ராறியோவின் பெரிய உள்ளூராட்சி மன்றங்கள் குறைந்தது ஓர் இல்லத்தையாவது நடத்தக் கடமைப்பட்டவை.

2. இலாப நோக்கமற்ற சங்கங்கள் நடத்துபவை. திருச்சபைகள், இனக்குழுச் சங்கங்கள், அறக்கட்டளைகள் என்பன இவற்றுக்குப் பொறுப்பு. மிச்சப்படும் பணம் திரும்பவும் இல்லத்துக்கே செலவாகும். அதைப் பங்கு பிரித்து எடுப்பதற்கு எவரும் இல்லை. ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் சீன சமூகத்தினர் 1994இல் திறந்த யீ ஹொங் இல்லம் இதற்கு நல்ல உதாரணம்.

3. இலாபத்துக்கு நடத்தப்படுபவை. சில ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். பல, பெரிய கம்பனிகளின் சங்கிலித் தொடரில் ஒரு கண்ணி. சில கம்பனிகளின் பங்குகள் பங்குச் சந்தையில் விற்கப்படுகின்றன.

2020ஆம் ஆண்டில் ஆராயப்பட்ட 623 இல்லங்களில் 360 இலாப நோக்குடையவை, 162 இலாப நோக்கமற்றவை, 101 உள்ளூராட்சி மன்றங்களுடையவை. அதாவது பத்தில் ஆறு இல்லங்களுக்குக் கிட்டியவை இலாபத்துக்கு நடந்தன. கனடா முழுவதையும் எடுத்தால் நிலை வேறு. நாடு முழுவதிலும் ஏறத்தாழப் பாதி இல்லங்கள் பொதுவுடைமையானவை. ஆகவே இலாப இல்லம் என்பது தவிர்க்க முடியாத ஒன்றல்ல. ஒன்ராறியோவின் அரசாங்கங்கள் அடுத்தடுத்துத் தெரிவு செய்த வழி அது.

வைத்தியசாலைக்கு ஒரு சட்டம், இல்லத்துக்கு வேறொன்று

கனடாவில் வைத்தியசாலைக்குப் போனால் பணம் கட்டத் தேவையில்லை என்று எமது உறவினர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் அதற்கு ஆதாரம். வைத்தியசாலைச் சேவையும் வைத்தியர் சேவையும் பொது நிர்வாகத்தின் கீழ், எல்லோருக்கும், கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

ஆனால் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே விடப்பட்டன. அவற்றை எப்படி நடத்துவது என்பது ஒவ்வொரு மாகாணத்தின் விருப்பம். இடுப்பெலும்பு முறிந்து வைத்தியசாலையில் கிடக்கும் ஒரு தாய்க்கு அந்தச் சட்டம் காவல். அதே தாய் நடக்க முடியாமல் ஓர் இல்லத்துக்குப் போனவுடன் அந்தக் காவல் இல்லை. தனியார் வியாபாரம் நுழைந்த வாசல் இதுவே.

பணம் எங்கிருந்து வருகிறது?

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். இலாப இல்லம் என்றால் முதலாளி தன் பணத்தில் நடத்துகிறார் என்று நினைப்பது தவறு. மூன்று வகை இல்லங்களுக்கும் மாகாண அரசாங்கம் ஓராளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வரிப்பணத்திலிருந்து கொடுக்கிறது. முதியவர் தமது பங்குக்குத் தங்குமிடக் கட்டணம் கட்டுகிறார். 2024ஆம் ஆண்டில் அடிப்படை அறைக்கு இது மாதம் ஏறத்தாழ 2,000 டொலர். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் இதில் கழிவு தரும். தனி அறை வேண்டுமென்றால் கட்டணம் அதிகம். அதற்குக் கழிவு இல்லை.

அரசாங்கம் தரும் பணம் தனித்தனி உறைகளில் போட்டுக் கொடுப்பது போல் பிரிக்கப்பட்டுள்ளது. தாதியர் மற்றும் பராமரிப்பு ஊழியருக்கு ஓர் உறை. உடற்பயிற்சி, பொழுதுபோக்கு போன்ற நிகழ்ச்சிகளுக்கு ஒன்று. சமைப்பதற்கான உணவுப் பொருட்களுக்கு ஒன்று. கட்டடம், துப்புரவு, சலவை, நிர்வாகம் முதலியவற்றுக்கு இன்னொன்று. முதல் மூன்று உறைகளில் செலவழியாத பணத்தை அரசாங்கத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடைசி உறையில் மிஞ்சுவதை வைத்துக்கொள்ளலாம்.

இலாபம் இந்தக் கடைசி உறையிலிருந்தும், தனி அறைகளுக்குப் பெறும் மேலதிகக் கட்டணத்திலிருந்தும் வருகிறது. எனவே ‘பராமரிப்புக்கு ஒதுக்கிய பணத்தில் நாம் கை வைப்பதில்லை’ என்று கம்பனிகள் சொல்வது கணக்கின்படி சரி. ஆனால் துப்புரவு செய்பவர் குறைந்தால் தொற்று பரவும். பழைய கட்டடத்தைத் திருத்தாமல் விட்டால் நான்கு பேர் ஒரே அறையில் நெருங்கிக் கிடப்பார்கள். சலவை பிந்தினால் முதியவர் ஈரத் துணியில் காத்திருப்பார். ஆகவே மிச்சம் பிடிக்கும் இடமும் முதியவரின் உடம்பைத் தொடும் இடமே.

உணவு உறை எவ்வளவு என்று அறிந்தால் சிலர் வியப்படைவார்கள். 2019ஆம் ஆண்டில் ஒருவரின் ஒரு நாள் சாப்பாட்டுப் பொருட்களுக்கு ஒதுக்கப்பட்டது 10 டொலருக்கும் குறைவு. மூன்று வேளைச் சாப்பாடும் இடைச் சிற்றுண்டியும் இதற்குள் அடங்க வேண்டும். இங்கே குறை கம்பனியினுடையது மட்டுமல்ல; தொகையைத் தீர்மானித்த அரசாங்கத்தினுடையதும் ஆகும். உள்ளூராட்சி மன்றங்களின் இல்லங்கள் அரசாங்கப் பணம் போதாத இடத்தில் தமது ஆதன வரியிலிருந்து மேலதிகமாகப் போடுகின்றன. திருச்சபை இல்லங்களும் சமூக இல்லங்களும் நன்கொடை திரட்டுகின்றன. இலாப இல்லத்தில் பணம் மறுபக்கமாக, வெளியே, பங்குதாரரை நோக்கி ஓடுகிறது. ஒரே வாய்க்கால் தண்ணீரை மூன்று கமக்காரர் பெறுகிறார்கள். ஒருவர் தன் கிணற்று நீரையும் சேர்த்து இறைக்கிறார். இன்னொருவர் வாய்க்கால் நீரில் ஒரு பங்கை வெளியே விற்கிறார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

1990களில் எடுத்த முடிவுகள்

1995இல் மைக் ஹரிஸ் ஒன்ராறியோவின் முதலமைச்சரானார். செலவைக் குறைப்பதும் தனியாருக்கு இடம் கொடுப்பதும் அவரது அரசாங்கத்தின் கொள்கை. ஒவ்வொரு முதியவருக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டேகால் மணித்தியாலப் பராமரிப்பு என்றிருந்த விதி 1996இல் நீக்கப்பட்டது. வைத்தியசாலைக் கட்டில்கள் குறைக்கப்பட்டன. அங்கிருந்து வெளியேற்றப்பட்ட கடும் நோயாளிகள் முதியோர் இல்லங்களுக்கு வந்தார்கள். பராமரிக்கும் கைகளுக்கு அளவுகோல் இல்லாமற் போன அதே காலத்தில், பராமரிக்க வேண்டியவர்களின் நோய் கூடியது.

1998இல் அந்த அரசாங்கம் 20,000 புதிய இடங்களை அறிவித்தது. கட்டுவதற்குக் கையில் முதல் உள்ளவர்களால்தான் விண்ணப்பிக்க முடிந்தது. ஆகவே அவற்றின் பெரும்பகுதி கம்பனிகளுக்குப் போனது. அரசியலை விட்ட பின்னர் ஹரிஸ், முதியோர் விடுதிகளையும் பராமரிப்பு இல்லங்களையும் நடத்திய சார்ட்வெல் என்ற கம்பனியின் பணிப்பாளர் சபைத் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தார். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் விதியை எழுதும் மேசைக்கும் அதனால் இலாபம் அடையும் மேசைக்கும் எவ்வளவு குறைந்த தூரம் என்பதை இது காட்டுகிறது.

பின்வந்த வேறு கட்சி அரசாங்கங்கள் சட்டங்களைத் திருத்தின. ஆனால் இல்லங்களின் உடைமையை மாற்றவில்லை. ஒவ்வோர் இல்லத்தையும் ஆண்டுதோறும் முழுமையாகப் பரிசோதிக்கும் வழக்கம் 2018இன் இறுதியில் கைவிடப்பட்டது. 2019இல் 626 இல்லங்களில் 9 மட்டுமே அவ்வாறு முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டன. 2020இல் இடம் கேட்டுக் காத்திருந்தோர் தொகை 38,000ஐத் தாண்டியிருந்தது. காத்திருப்போர் வரிசை இவ்வளவு நீளமாக இருந்தால், கெட்ட இல்லத்தின் கட்டிலும் வெறுமையாக இராது. நல்ல கடை பிழைக்கும், கெட்ட கடை மூடப்படும் என்ற சந்தை விதி இங்கே வேலை செய்யாது.

2020: மூடியிருந்த கதவு திறந்தது

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, இந்த இல்லங்களின் நிலை வெளியே தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் வரை கனடாவில் கொரோனாவால் இறந்தோரில் 81 சதவீதமானோர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்தவர்கள். செல்வந்த நாடுகளின் சராசரி அப்போது 38 சதவீதம். இவ்வளவு வளமுள்ள நாட்டில் இது நடந்ததே பலரையும் உலுக்கியது.

ஊழியர் நோயுற்றும் பயந்தும் வராமற்போன இல்லங்களுக்கு இராணுவம் அனுப்பப்பட்டது. ஒன்ராறியோவில் ஐந்து இல்லங்களில் கண்டதை இராணுவத்தினர் எழுதிய அறிக்கை 2020 மே 26ஆம் திகதி வெளியானது. அந்த ஐந்தில் நான்கு இலாப நோக்குடையவை. கரப்பான் பூச்சிகள், அழுக்கான துணியில் விடப்பட்ட நோயாளிகள், உதவி கேட்டுக் கூப்பிட்டும் அரை மணி முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக எவரும் வராத நிலை, இவை அதில் எழுதப்பட்டிருந்தன. உறவினர் உள்ளே போக அனுமதியில்லாத காலம் அது. அதனால், வழமையாக வந்து ஊட்டியும் துடைத்தும் விட்ட மகள்மாரின் கைகள் இல்லாமற்போன பின், இல்லத்தின் சொந்தப் பலம் எவ்வளவு என்பது வெளிப்பட்டது.

2021 ஏப்ரல் அளவில் ஒன்ராறியோவின் இல்லங்களில் ஏறத்தாழ 4,000 முதியவர்கள் கொரோனாவால் இறந்திருந்தார்கள்.

ஆய்வுகள் சொன்னது என்ன?

கோபத்தோடு மட்டும் ஒரு விடயத்தைத் தீர்மானிக்க முடியாது. ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்று பார்ப்போம்.

2020 மார்ச் இறுதி முதல் மே 20 வரை 623 இல்லங்களையும் எடுத்து வைத்தியர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். 190 இல்லங்களில் தொற்று நுழைந்திருந்தது. 1,452 பேர் இறந்திருந்தனர். தொற்று உள்ளே நுழையும் வாய்ப்பு மூன்று வகை இல்லங்களிலும் பெரிதாக வேறுபடவில்லை. அது சுற்றியிருந்த ஊரில் நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதைப் பொறுத்தது. ஆனால் நுழைந்த பின் என்ன நடந்தது என்பதில் வேறுபாடு இருந்தது. இலாப நோக்கமற்ற இல்லங்களோடு ஒப்பிட்டால், இலாப இல்லங்களில் தொற்றியோர் அளவு ஏறத்தாழ இரு மடங்கு. இறப்பு 78 சதவீதம் அதிகம்.

இதற்குக் காரணம் என்ன? இரண்டு விடயங்கள் முன்னுக்கு வந்தன. ஒன்று, பழைய கட்டட அமைப்பு. 1970களின் அளவுப்படி கட்டப்பட்ட, நான்கு பேர் ஓர் அறையைப் பங்கிடும் இல்லங்களில் பெரும்பாலானவை இலாப இல்லங்கள். மற்றது, சங்கிலிக் கம்பனிகளின் உடைமை. ‘பழைய கட்டடமே காரணம், இலாபம் காரணமல்ல’ என்று கம்பனிகள் பதில் கூறின. ஆனால் ஓர் அறைக்கு இருவருக்கு மேல் கூடாது என்ற புதிய கட்டட அளவு 1998இலேயே வந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டடத்தைப் புதுப்பிக்காமல் பங்குலாபம் மட்டும் பிரித்தது யாருடைய முடிவு என்ற கேள்விக்கு அந்தப் பதில் போதாது. 2020இலும் சில கம்பனிகள் ஒரு கையால் அரசாங்க உதவியைப் பெற்று மறு கையால் பங்குலாபம் வழங்கின.

கொரோனாவுக்கு முன்னரே, 2020 பெப்ரவரியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முதியோர் நல அதிகாரி இசபெல் மக்கன்சி ஓர் அறிக்கை வெளியிட்டார். அது கணக்குப் புத்தகங்களை ஆராய்ந்து எழுதியது. 2017-18ஆம் ஆண்டில், அரசாங்கம் பணம் கொடுத்த பராமரிப்பு மணித்தியாலங்களில் 207,000 மணித்தியாலங்களை இலாப இல்லங்கள் வழங்கவில்லை. இலாப நோக்கமற்ற இல்லங்களோ பணம் பெற்றதற்கு மேலாக 80,000 மணித்தியாலங்கள் கூடுதலாக வழங்கின. ஒரு முதியவருக்கு இலாப நோக்கமற்ற இல்லம் ஆண்டுக்குச் செலவழித்த பராமரிப்புப் பணம் 10,000 டொலர் அளவில் அதிகம். பணம் ஒன்றே, அது போய்ச் சேர்ந்த இடம் வேறு.

மறுபக்கத்தையும் கேட்போம்

தனியார் இல்லங்களுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் நியாயமானவையும் உண்டு.

‘அரசாங்கத்திடம் கட்டுவதற்கு முதல் இல்லை, கம்பனி கடன் எடுத்து விரைவாகக் கட்டுகிறது’ என்பது ஒரு வாதம். காத்திருப்போர் வரிசையைப் பார்க்கும்போது இது இலேசானதல்ல. ஆனால் அந்தக் கடனும் வட்டியும் ஈற்றில் அரசாங்கக் கொடுப்பனவிலிருந்தும் முதியவரின் கட்டணத்திலிருந்துமே அடைக்கப்படுகின்றன. அடைத்து முடிந்த பின் கட்டடம் பொதுமக்களுக்குச் சொந்தமாவதில்லை, கம்பனிக்கே சொந்தம்.

‘அரசாங்க இல்லங்களிலும் மக்கள் இறந்தார்கள்’ என்பது இன்னொரு வாதம். இது உண்மை. கியூபெக் மாகாணத்தில் இல்லங்களில் பெரும்பாலானவை பொதுவுடைமை. ஆயினும் 2020இன் வசந்தகாலத்தில் கனடாவிலேயே கூடிய இறப்பு அங்கேதான் நிகழ்ந்தது. ஊழியர் பற்றாக்குறை, இல்லத்துக்கு இல்லம் மாறி வேலை செய்தமை, வைத்தியசாலைகளைக் காலியாக்க முதியோரை இல்லங்களுக்கு அனுப்பியமை ஆகியன காரணங்கள். அதே மாகாணத்தில் டோர்வால் நகரில் தனியார் நடத்திய ஹெரோன் இல்லத்திலும் ஊழியர் இல்லாமல் முதியவர்கள் கைவிடப்பட்டுக் கிடந்ததை 2020 ஏப்ரலில் நாடு கண்டது. அங்கே மாதக் கட்டணம் பல ஆயிரம் டொலர். ஆகவே அதிக பணம் கட்டுவதும் காவல் அல்ல. ‘அரசாங்கம்’ என்ற பெயர்ப்பலகை மட்டும் காவலும் அல்ல. போதிய ஆட்கள், போதிய பணம், வெளியார் பார்வை ஆகிய மூன்றும் வேண்டும். பொதுவுடைமை இவற்றுக்கு வழியைத் திறக்கிறது. தானாக அவற்றைத் தந்துவிடுவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரெவெரா என்ற பெரிய கம்பனியின் உரிமையாளராக 2020இல் இருந்தது யார் என்று பார்த்தால், கனடா மத்திய அரசாங்க ஊழியரின் ஓய்வூதியப் பணத்தை முதலிடும் நிறுவனம்! ஒரு தொழிலாளியின் முதுமைக்காகச் சேமித்த பணம், இன்னொரு முதியவரின் பராமரிப்பிலிருந்து இலாபம் தேடியது. இலாபம் எடுப்பவர் எப்போதும் எங்கோ இருக்கும் ஒரு கொடிய முதலாளி என்று நினைத்துவிட முடியாது.

பராமரிக்கும் கைகள்

குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது, படுக்கையில் புரட்டி விடுவது ஆகிய வேலைகளைச் செய்பவர்கள் தாதியர் அல்லர். தனிநபர் பராமரிப்பு ஊழியர்கள். இவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். நகரங்களில் பலர் பிலிப்பைன்ஸ், கரிபியன் தீவுகள், ஆபிரிக்கா, தென்னாசியா ஆகிய இடங்களிலிருந்து குடியேறியவர்கள். முழுநேர வேலை கொடுத்தால் சுகயீன விடுமுறையும் பிற சலுகைகளும் கொடுக்க வேண்டும் என்பதால் பகுதிநேர வேலையே பலருக்குக் கிடைத்தது. குடும்பச் செலவுக்கு அது போதாமல் காலையில் ஓர் இல்லம், மாலையில் இன்னோர் இல்லம் என்று ஓடினார்கள். 2020இல் இந்த ஓட்டத்தோடு தொற்றும் ஓடியது.

பிரிட்டிஷ் கொலம்பியா அரசாங்கம் இதை முன்னரே உணர்ந்து, ஒருவர் ஓர் இல்லத்தில் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்று பணித்து, சம்பளத்தையும் சமப்படுத்தியது. ஒன்ராறியோ 2020 ஏப்ரலில் ஓர் இல்லக் கட்டளையைப் பிறப்பித்தது. ஊழியரின் நிலையும் முதியவரின் நிலையும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதை இது காட்டுகிறது. மூன்றில் இரண்டு பங்கினர் அளவில் மறதி நோயுள்ளவர்கள் வாழும் இடத்தில், முகம் தெரிந்த ஓர் ஆள் நாள்தோறும் வருவதே ஒரு மருந்து.

அதன்பின் மாறியவை, மாறாதவை

2020இன் இறுதியில் ஒன்ராறியோ இயற்றிய ஒரு சட்டம், கொரோனா தொடர்பாக இல்லங்கள் மீது வழக்குப் போடுவதைக் கடினமாக்கியது. சாதாரண கவனக்குறைவு போதாது, பாரிய கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும் என்றது.

நீதிபதி பிராங்க் மறொக்கோ தலைமையிலான ஆணைக்குழு 2021 ஏப்ரல் 30இல் தன் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. கட்டடம் கட்டுவதையும் பராமரிப்பதையும் பிரிக்கலாம் என்பது அதன் முக்கிய யோசனைகளில் ஒன்று. முதல் உள்ளவர் கட்டி நியாயமான வருமானம் பெறட்டும். பராமரிக்கும் பொறுப்பு சேவை நோக்குள்ளவர்களிடம் இருக்கட்டும் என்பது அதன் கருத்து.

2021இல் வந்த புதிய சட்டம், நாளொன்றுக்கு 4 மணித்தியால நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கை 2025 மார்ச்சுக்கு வைத்தது. 1996இல் எடுத்தெறிந்த அளவுகோல் கால் நூற்றாண்டின் பின் வேறு உருவில் திரும்பி வந்தது எனலாம். ஆனால் அது மாகாணம் முழுவதற்குமான சராசரி. ஒவ்வொரு முதியவருக்குமான உரிமை அல்ல. பழைய கம்பனிகளுக்கும் நீண்டகாலப் புதிய அனுமதிப் பத்திரங்கள் கிடைத்தன.

சஸ்கற்சுவான் மாகாணம் வேறு வழியில் சென்றது. அங்கு ஒரு கம்பனி நடத்திய ஐந்து இல்லங்களையும் 2022இல் மாகாண சுகாதார அதிகாரசபை பொறுப்பேற்றது. தனியாரிடம் போனதைத் திரும்பப் பெறுவது நடக்காத காரியமல்ல.

ஒன்ராறியோவின் 2022ஆம் ஆண்டுச் சட்டமொன்றை எமது வாசகர்கள் உன்னிப்பாகக் கவனிப்பார்கள். வைத்தியசாலையில் இருக்கும் ஒரு முதியவர் அங்கே இனி இருக்கத் தேவையில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டால், அவர் தெரிவு செய்யாத ஓர் இல்லத்துக்கும் அவரை அனுப்ப ஏற்பாடு செய்யலாம். தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரை. வடக்கில் 150 கிலோமீற்றர் வரையும் அதற்கு மேலும். போக மறுத்தால் நாளுக்கு 400 டொலர் கட்டணம். தமிழ் மட்டும் பேசும் ஒரு தாயை, மகள் பஸ்ஸில் வந்துபோக முடியாத ஊரில், அவர் மொழி பேசுவோர் எவருமில்லாத இல்லத்தில் விட்டால் அதன் பொருள் என்ன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. காலியாக இருக்கும் கட்டில்கள் எவை என்றும் கேட்க வேண்டும். எல்லோரும் விரும்பும் இல்லத்தில் கட்டில் காலியாக இராது.

எமக்கு எது பயன்படும்?

வெளிநாட்டில் பெற்றோர் உள்ள குடும்பங்களுக்கு:

- ஒன்ராறியோவில் எந்த இல்லமும் எந்த வகையைச் சேர்ந்தது, பரிசோதகர் என்ன எழுதினார் என்பன பகிரங்கமானவை. பிள்ளைகள் அவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.
- இல்லம் தேவைப்படும் முன்னரே விண்ணப்பிப்பது பற்றிப் பேசுவது நல்லது. வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும்போது தெரிவு சுருங்கிவிடும்.
- இல்லங்களில் வாழ்வோருக்குச் சபை அமைக்கவும், குடும்பத்தினர் சேர்ந்து குடும்பச் சபை அமைக்கவும் சட்டம் உரிமை தருகிறது. தனியே முறையிடும் மகளைவிட, பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கேட்கும் கேள்விக்குப் பலம் அதிகம்.
- விருந்தினர் விசாவில் போகும் பெற்றோருக்கு மாகாண சுகாதாரக் காப்புறுதி கிடையாது. இதை அறியாமல் அனுப்ப வேண்டாம்.

இங்கே வாழும் எமக்கு:

இலங்கையும் விரைவாக முதுமையடைகிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 12.4 சதவீதம், அதன்பின் இது கூடியே வந்துள்ளது. வட கிழக்கில் யுத்தத்தில் பிள்ளைகளை இழந்தவர்களும் பிள்ளைகள் கடல் கடந்தவர்களும் தனியே முதிர்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக்கூடாது என்கிறது. பராமரிப்புப் பணம் கேட்டு முறையிட ஒரு சபையையும் அமைத்தது. ஆனால் பிள்ளையே இல்லாதவருக்கு அந்தச் சட்டம் எவ்வளவு உதவும்? கைதடி இல்லம் போன்ற அரச இல்லங்களும் சமய, தொண்டு நிறுவன இல்லங்களும் உள்ளன. வெளிநாட்டுப் பணத்தை நம்பிக் கட்டணம் வாங்கும் இல்லங்களும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தோன்றியுள்ளன. இவை வளரும் முன்னரே விதிகளைப் பற்றிப் பேசுவது, வளர்ந்த பின் பேசுவதைவிட எளிது. ஒன்ராறியோவின் அனுபவம் எமக்குச் சொல்வது இதுதான்: அனுமதிப் பத்திரம் கொடுத்து முப்பது ஆண்டு போன பின் கேட்கும் கேள்விகளை, கொடுக்கும் முன் கேட்க வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில், அல்லது நாம் இப்போது வாழும் குடியேற்றத்தில், தனியே வாழும் முதியவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குச் சுகமில்லாதபோது முதலில் போவது யார்?

2. நலன்புரி நிலையத்தில் பங்கீட்டைக் கண்காணிக்க மக்கள் குழு இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் என்ன வேறுபாடு கண்டோம்? முதியோர் இல்லத்தில் அந்த வேலையை யார் செய்யலாம்?

3. பராமரிப்பைச் செய்பவர் பெரும்பாலும் மருமகளோ மகளோ. அவருடைய உழைப்புக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? மாதர் சங்கம் இதில் என்ன செய்யலாம்?

4. ஒரு கம்பனி எமது பகுதியில் கட்டண இல்லம் அமைக்க வந்தால், பிரதேச சபையிடம் நாம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் எவை? ஒரு முதியவருக்கு எத்தனை ஊழியர், ஓர் அறையில் எத்தனை பேர், யார் வந்து பரிசோதிப்பார், பணம் கட்ட முடியாதவர் நிலை என்ன, கம்பனி மூடிவிட்டுப் போனால் உள்ளே இருப்பவர் எங்கே போவார் என்பவற்றிலிருந்து தொடங்கலாம்.

குழுக்கள் தயாரிக்கும் கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரதேச சபை உறுப்பினரையும் சமூக சேவை உத்தியோகத்தரையும் அடுத்த கூட்டத்துக்கு அழைத்து அவற்றை வாசியுங்கள்.